சிடி ஸ்கேனிலிருந்து ஆபரேஷன் திட்டம் வரை: 3டி மாதிரி செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

எலும்பு முறிவுப் பிரிவில் பிஜி மாணவராகச் சேர்ந்திருப்பீர்கள். அல்லது பயோமெடிக்கல் இன்ஜினியராக ஓர் ஆஸ்பத்திரிக்குள் இப்போதுதான் நுழைந்திருப்பீர்கள். "இந்த அசிட்டாபுலம் கேஸுக்கு ஒரு 3டி போட்டுக் கொண்டு வா" என்று சீஃப் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். எந்தக் கோப்பை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எதில் திறப்பது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. நானும் அப்படித்தான் தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்ட இணையத்தில் வீடியோக்கள் நிறைய உண்டு. ஸ்கேன் சென்டர் கவுன்டரில் என்ன கேட்பது, எதை எழுதி வாங்குவது, எதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதெல்லாம் அவற்றில் வருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு அசிட்டாபுலம் முறிவையே எடுத்துக்கொள்கிறேன். தொடை எலும்பின் தலை உட்காரும் இடுப்புக் கிண்ணம் அது. பைக் விபத்தில் அடிக்கடி உடைகிறது. எக்ஸ்ரேயில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். 3டி மாதிரி உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களில் இது முக்கியமானது. இதற்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் 3டி ஸ்லைசர்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

அசிட்டாபுலம் முறிவுக்குக் காலக்கெடு உண்டு. மூன்று வாரம் தாண்டினால் துண்டுகளுக்கிடையே புது எலும்பும் தழும்பும் வளர்ந்து, அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது மிகக் கடினமாகிவிடும். நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தியேட்டருக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். அதனால் ஓ.டி. லிஸ்டில் என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாதிரி சர்ஜன் கையில் இருக்க வேண்டும். அச்சடிக்க ஒரு முழு நாளும் ஓர் இரவும் தள்ளுங்கள். அச்சு பாதியில் கெட்டால் மறுபடி போட இன்னொரு நாள். துண்டுகளைப் பிரிக்கப் புதியவருக்கு இரண்டு மாலைப்பொழுதாவது வேண்டும். ஆக, டேட்டா உங்கள் கைக்கு வந்து ஐந்து நாளாவது இருந்தால்தான் அச்சடித்த மாதிரிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால், "திரையில் காட்டுகிறேன், பிரின்ட் முடியாது" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

2. டேட்டா வாங்குவது

பாதி வேலை இதுதான். இங்கே கோட்டை விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது ஃபிலிம் அல்ல. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த வாட்ஸ்அப் படமும் அல்ல. ரிப்போர்ட்டோடு வரும் அழகான வண்ண 3டி படமும் அல்ல. அது வெறும் போட்டோ, அதைத் திருப்ப முடியாது. டைகாம் (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பொது வடிவம்) வடிவத்தில் உள்ள மூலக் கோப்புகள் வேண்டும், அதிலும் மெல்லிய துண்டங்கள் (ஸ்லைஸ்கள்) வேண்டும்.

டாக்டர் படித்து ரிப்போர்ட் எழுத 5 மி.மீ. தடிமன் போதும் என்று பல இடங்களில் அதை மட்டுமே டிஸ்க் தட்டில் பதிவார்கள். அதை வைத்து 3டி செய்தால் எலும்பு படிக்கட்டு மாதிரி வரும். 2 மி.மீ. விலகிய முறிவுக்கோடு அந்தப் படிகளுக்குள் காணாமல் போகும். ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைவான தடிமன் வேண்டும். இன்றைய மல்ட்டி ஸ்லைஸ் மெஷின்கள் எப்படியும் மெல்லியதாகத்தான் எடுக்கின்றன. பிறகுதான் தடிமனாக்கி அனுப்புகிறார்கள். மெல்லியதை ஆஸ்பத்திரி சர்வருக்கு அனுப்பாமல் மெஷின் கன்சோலிலேயே (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரிலேயே) விட்டுவிடுவது வழக்கம். கன்சோலில் இடம் நிறைந்ததும் பழையது அழிந்துபோகும். சில நாட்கள்தான் இருக்கும். ஆகவே ஸ்கேன் எடுத்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, போய்க் கேளுங்கள்.

கவுன்டரில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சிடி டெக்னீஷியனைப் பாருங்கள். கேட்க வேண்டியது இதுதான்: "ஒரு மில்லிமீட்டர் ஆக்ஸியல், முழு இடுப்பும், சாஃப்ட் டிஷ்யூ கெர்னல், டைகாம் கோப்பாக வேண்டும். துண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி இன்டர்வல் வைத்துக் கொடுங்கள்." ஆக்ஸியல் என்றால் உடலின் குறுக்குவெட்டு; கெர்னல் என்றால் படத்தைக் கூர்மையாகவோ மென்மையாகவோ கணித்துத் தரும் அமைப்பு. எலும்புக்கு ஏன் சாஃப்ட் டிஷ்யூ கெர்னல் என்று அவரே திருப்பிக் கேட்கக்கூடும். போன் கெர்னல் படம் கண்ணுக்குக் கூர்மையாக இருக்கும். ஆனால் இரைச்சல் (படத்தில் தெரியும் பொய்ப் புள்ளிகள்) அதிகம். 3டியில் அந்த இரைச்சல் எலும்பின் மேல் சொரசொரப்பாக எழும்பி, துண்டு பிரிக்கும்போது உயிரை வாங்கும். இரண்டையும் கொடுத்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஏற்கெனவே கம்பியோ பிளேட்டோ இருந்தால், உலோகத்தால் வரும் கோடுகளைக் குறைக்கும் வசதி மெஷினில் உண்டா என்றும் கேளுங்கள்.

கொடுத்ததைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். லேப்டாப்பை உடன் கொண்டுபோங்கள். சிடி ஸ்கேனின் ஒரு துண்டம் பெரும்பாலும் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். அதாவது அரை எம்பி. இடுப்பு சுமார் 30 செ.மீ. உயரம் என்று வைத்தால், ஒரு மி.மீ. இடைவெளியில் 300 துண்டம், 150 எம்பி. அதுவே 5 மி.மீ. என்றால் 60 துண்டம், 30 எம்பி. மொத்த ஃபோல்டரே 40 எம்பிதான் என்றால் திறந்து பார்க்கவே வேண்டாம், தடிமனானதைத்தான் தந்திருக்கிறார்கள். அங்கேயே நின்று மறுபடி கேளுங்கள். கோப்புகளுக்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் ஐஎம்001, ஐஎம்002 என்று வெறும் பெயராக இருந்தால் பயப்பட வேண்டாம், டைகாம் அப்படித்தான் இருக்கும். பெயரை மாற்றாதீர்கள். ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள்.

டிஸ்க் தட்டுக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு, சில இடங்களில் ஸ்கேன் கட்டணத்திலேயே சேர்த்தி. முன்பே கேட்டுவிடுங்கள். வெளியார் பென்டிரைவை வைரஸ் பயத்தால் பல சென்டர்களில் செருக விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் தட்டு போடும் இடம் கிடையாது என்பதால் தட்டைப் படிக்கும் யூஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மெல்லிய துண்டம் அழிந்துவிட்டது என்றால் என்ன செய்வது? 3டிக்காக மட்டும் நோயாளியை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். இன்னொரு முறை கதிர்வீச்சு, இன்னொரு முறை செலவு, உடைந்த இடுப்போடு இன்னொரு முறை டிராலி. கன்சோலில் மூல டேட்டா மீதி இருந்தால் ஆளைத் தொடாமலேயே மெல்லியதாகத் திரும்பக் கணித்துத் தர முடியும். அதை மட்டும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், மறு ஸ்கேன் வேண்டுமா என்பதை சர்ஜன் முடிவு செய்யட்டும்.

3. காகித வேலை

மூன்று தாள்கள். முதலாவது, நோயாளியின் பெயர், ஸ்கேன் எண், தேதி, எந்தக் கோப்பு வேண்டும் என்று எழுதி, சிகிச்சை தரும் மருத்துவர் கையெழுத்துப் போட்ட கடிதம். இது இருந்தால் ஸ்கேன் சென்டரில் பேச்சு பாதியாகக் குறையும். இரண்டாவது, நோயாளியின் சம்மதம். அவரால் கையெழுத்துப் போட முடியாத நிலை என்றால் உறவினரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும். தமிழில் எழுதுங்கள், படித்துக் காட்டுங்கள். "உங்கள் ஸ்கேனை வைத்து எலும்பின் மாதிரி செய்து, ஆபரேஷனை முன்கூட்டியே திட்டமிடப் போகிறோம்" என்றால் மறுப்பவர்கள் அபூர்வம். மூன்றாவது, இந்தக் கேஸை மாநாட்டிலோ கட்டுரையிலோ காட்டும் எண்ணம் இருந்தால் மட்டும்: அதற்குத் தனிச் சம்மதமும், ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். வேலை முடிந்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி கிடைக்காது.

ஆவணம் தர இழுத்தடித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சண்டை போட வேண்டாம். கடிதத்தில் இந்த விதியை ஒரு வரியில் குறிப்பிட்டு, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

டைகாம் கோப்புக்குள் பெயர், வயது, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். வெளியே அச்சடிக்க அனுப்பும்போதோ நண்பரிடம் உதவி கேட்கும்போதோ மூலக் கோப்பை அனுப்பாதீர்கள். ஸ்லைசரில் திறந்து என்ஆர்ஆர்டி வடிவில் சேமித்தால் அந்தத் தலைப்பு விவரங்கள் உடன் போகாது. ஆனால் முழு வேலையையும் ஒரே எம்ஆர்பி கோப்பாகச் சேமித்தால், டேட்டா பட்டியலில் நோயாளியின் பெயர் அப்படியே தங்கிவிடும். அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். தலை ஸ்கேன் என்றால் இன்னும் கவனம். பெயரை நீக்கினாலும் 3டியில் முகமே எழுந்து வரும், தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

4. கம்ப்யூட்டரும் செலவும்

3டி ஸ்லைசர் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து ஸ்டேபிள் பதிப்பை மட்டும் இறக்குங்கள். ஏற்றும் டேட்டாவைப் போல் பத்து மடங்கு ராம் வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் படம் தடங்காமல் திரும்பும். நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். டச்பேடில் இந்த வேலை செய்ய முடியாது.

ஒன்றை எழுதி ஒட்டி வையுங்கள்: ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான மென்பொருள், மருத்துவக் கருவியாக ஒப்புதல் பெற்றதல்ல. திட்டத்துக்கு அது கண்ணாக இருக்கலாம். முடிவு சர்ஜனுடையது, ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டுக்கு அது மாற்று ஆகாது.

5. உள்ளே ஏற்றுதல்

ஃபோல்டரை முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். பாதையில் ஆங்கில எழுத்துப் பெயர்கள் மட்டும் இருக்கட்டும். டைகாம் பகுதிக்குள் இழுத்துப் போட்டால் நோயாளி, ஸ்டடி, சீரிஸ் என்று பட்டியல் வரும். ஸ்கௌட் (முன்னோட்டப்) படம், டோஸ் (கதிர்வீச்சு அளவு) ரிப்போர்ட், கொரோனல் (முன்பக்க வெட்டு), சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) என்று ஏழெட்டு இருக்கும். துண்டங்களின் எண்ணிக்கை அதிகமுள்ள ஆக்ஸியலை மட்டும் ஏற்றுங்கள்.

ஏற்றும்போது துண்டங்களுக்கிடையே தூரம் சமமாக இல்லை என்று எச்சரிக்கை வந்தால் அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். நடுவில் துண்டம் விடுபட்டிருக்கலாம், இரண்டு சீரிஸ் கலந்திருக்கலாம். விடுபட்டிருந்தால் எலும்பு அந்த இடத்தில் நசுங்கி வரும், பார்வைக்கு முறிவு போலவே இருக்கும். மறுபடி காப்பி வாங்குவதே வழி. தலை ஸ்கேனில் மெஷினைச் சாய்த்து எடுத்திருந்தாலும் இதே மாதிரி எச்சரிக்கை வரும். அதற்கு ஸ்லைசரிலேயே திருத்தம் உண்டு.

பிறகு இடம் வலம். திரையில் உங்கள் இடப்பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம். ஓரத்தில் ஆர், எல் எழுத்து இருக்கும். எக்ஸ்ரேயில் எந்தப் பக்கம் உடைந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறதோ, அதோடு இப்போதே ஒப்பிட்டு ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

6. திருப்பிப் பார்த்தல்

வால்யூம் ரெண்டரிங் பகுதியில் கண் அடையாளத்தைத் தட்டி, சிடி-போன் என்ற முன்னமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சில வினாடியில் முழு இடுப்பும் எழுந்து நிற்கும். ஷிஃப்ட் என்ற நகர்த்தியை இழுத்தால் தோல், தசை, எலும்பு என்று ஒவ்வொன்றாக விலகும். கிராப் பெட்டியைப் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவசரக் கேஸுக்கு இதுவே போதும். கால் மணி நேர வேலை.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 3டி படத்தின் மேல் மவுஸை நகர்த்திப் பாருங்கள். நீங்கள் தொடும் இடத்துக்கே மூன்று சாம்பல் படங்களும் ஓடிவரும். 3டியில் ஓட்டை தெரிந்தால் அது உண்மையான ஓட்டையா என்று அங்கேயே சரிபார்க்கலாம். இது மிக முக்கியம். இடுப்பு இறக்கையின் நடுப்பகுதி, கண்குழியின் தரை போன்ற மெல்லிய எலும்புகள் 3டியில் பொத்தலாகத் தெரியும், உண்மையில் எலும்பு அங்கே இருக்கும். வயதானவர்களின் எலும்பில் இது இன்னும் அதிகம். 3டியை மட்டும் பார்த்து முறிவு என்று சொல்லக் கூடாது.

7. துண்டு பிரித்தல்

அச்சடிக்கவும், துண்டுகளைத் தனித்தனியாக நகர்த்திப் பார்க்கவும் செக்மெண்ட் எடிட்டருக்குப் போக வேண்டும். சிடி ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும், அங்குள்ள பொருளின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. காற்று கழித்தல் 1000, தண்ணீர் 0, தசை 50 சுற்றி, எலும்பு சில நூறுகளில் தொடங்கும். திரெஷோல்டை (எந்த எண்ணுக்கு மேல் எலும்பு என்று எடுப்பது என்ற எல்லையை) 200-இல் ஆரம்பித்து, சாம்பல் படத்தில் எலும்பின் ஓரத்தோடு நிறம் சரியாகப் பொருந்தும்வரை ஏற்றி இறக்குங்கள். மூட்டு ஒட்டிக்கொண்டால் எண்ணை ஏற்ற வேண்டும், எலும்பு பொத்தலானால் இறக்க வேண்டும். எம்ஆர்ஐயில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அங்கே எண்களுக்கு நிலையான பொருள் கிடையாது.

இந்த வேலையின் உயிர்நாடி, தொடை எலும்பின் தலையைக் கிண்ணத்திலிருந்து கழற்றுவதுதான். தலை உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை கிண்ணத்தின் உள்பரப்பு தெரியவே தெரியாது, சர்ஜனுக்கு வேண்டியது அந்தப் பரப்பு. இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பின் இடைவெளி சில மி.மீ.தான். முறிவில் தலை இடம் நகர்ந்திருந்தால் அதுவும் சில இடங்களில் இருக்காது. திரெஷோல்டுக்கு இரண்டும் ஒரே எலும்பு.

குரோ ஃப்ரம் சீட்ஸ் கருவியை எடுங்கள். தலைக்கு ஒரு நிறம், இடுப்பெலும்புக்கு ஒரு நிறம், விலகிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம். மூன்று திசைப் படங்களிலும் ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு கோடு தீட்டுங்கள், ஓரத்துக்குப் போக வேண்டாம். எடிட் செய்யும் எல்லையை எலும்பின் எண்களுக்குள் அடக்கிவிட்டு இனிஷியலைஸ் கொடுத்தால், நிறங்கள் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு நிற்கும். தலையின் நிறம் கிண்ணத்துக்குள் கசிந்திருந்தால், கசிந்த இடத்தில் கிண்ணத்தின் நிறத்தை ஒரு புள்ளி வையுங்கள். எல்லை உடனே பின்வாங்கும். திருப்தியானதும் அப்ளை. மீதி ஒட்டலை உருண்டை அழிப்பானால் துண்டம் துண்டமாகக் கையால் பிரிக்க வேண்டும். இதில் குறுக்குவழி தேடாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை சேமியுங்கள்.

வழவழப்பாக்கும் கருவியில் அடக்கம் வேண்டும். அழகாகத் தெரிகிறது என்று கூட்டினால் மெல்லிய முறிவுக்கோடு மூடிக்கொள்ளும், சின்னத் துண்டு கரைந்துபோகும். எலும்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நஷ்டமில்லை.

8. சர்ஜனோடு உட்காருதல்

எல்லாத் துண்டையும் மாடலாக மாற்றி, தலையை மறைத்துவிட்டுக் கிண்ணத்தைக் காட்டுங்கள். அவர் எந்த வழியாகத் திறக்கப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். பின்பக்கமாகத் திறந்தால் நோயாளி குப்புறவோ ஒருக்களித்தோ படுத்திருப்பார், முன்பக்கம் என்றால் மல்லாந்து. திரையில் எலும்பை அதே கோணத்தில் வைத்து அந்தப் பார்வையைச் சேமித்துவிடுங்கள். தியேட்டரில் அவர் காணப்போவது அதைத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தால் இழுத்துப் பொருத்திப் பார்க்கலாம். எதை முதலில் பொருத்தினால் மற்றது வழிவிடுகிறது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூ நீளத்துக்கு மார்க்கப்ஸ் கோடு போட்டு அளக்கலாம்; ஆனாலும் தியேட்டரில் அளவுக்கோல் சொல்வதே இறுதி.

ஆபரேஷன் நடக்கும்போது லேப்டாப்பில் படத்தைத் திருப்ப, ஆபரேஷனுக்காகக் கை கழுவி ஸ்டெரைல் கையுறை போடாத ஒருவர் தேவை. முதல் நாளே அவருக்குப் பழக்கிவையுங்கள்.

9. அச்சடித்தல்

எஸ்டிஎல் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்த வடிவத்தில் அலகு எழுதப்படுவதில்லை. அச்சுக்கடையின் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் அளவு எங்கோ போய்விடும். எனவே "மி.மீ., நூறு சதவீதம், அளவை மாற்றக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். தொடைத் தலையின் விட்டத்தைத் திரையில் அளந்து குறித்துக்கொண்டு, அச்சு வந்ததும் வெர்னியரால் அதே இடத்தை அளங்கள். பொருந்தாவிட்டால் அந்த மாதிரியைப் பயன்படுத்தாதீர்கள்.

பிஎல்ஏ (3டி பிரின்டரில் போடும் பிளாஸ்டிக்) இழை கிலோ ஆயிரம் ரூபாய் சுற்றி வரும். பாதி இடுப்புக்கு அதில் சிறு பங்குதான் ஆகும். வெளிக்கடையில் கிராமுக்கு இவ்வளவு என்பார்கள், சப்போர்ட் (அச்சின்போது தாங்கி நின்று பிறகு பிய்த்தெறியும் பகுதி) கழிவும் அந்தக் கணக்கில் சேர்த்தியா என்று கேளுங்கள். 0.2 மி.மீ. அடுக்கு போதும். கிண்ணம் மேலே பார்க்கும்படி வைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள். கவிழ்த்து வைத்தால் சப்போர்ட் முழுதும் கிண்ணத்துக்குள் நின்று, பிய்க்கும்போது நமக்கு வேண்டிய பரப்பே பாழாகிவிடும். உடையாத பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி அதையும் அச்சடித்தால், அதன்மேல் பிளேட்டை முன்கூட்டியே வளைத்து வைக்கலாம். தியேட்டரில் வளைத்து வளைத்துப் பார்க்கும் நேரம் மிச்சமாகும். புரட்டிய மாதிரியின் மேல் "புரட்டியது, இந்தப் பக்கத்துக்கு" என்று மார்க்கரால் எழுதாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பிஎல்ஏ 60 டிகிரி வாக்கிலேயே இளகும். கிருமி நீக்கும் நீராவிக் கலமான ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் ஓடும், மாதிரி கோணிப்போய் வெளியே வரும். மாதிரியை உள்ளே இருப்பது தெரியும் ஸ்டெரைல் பையில் போட்டு மேலோடு பார்க்க வேண்டும், காயத்தின் அருகே போகவே கூடாது. வளைத்த பிளேட்டை மட்டும் வழக்கம்போல் ஸ்டெரிலைஸ் செய்வார்கள். உடலுக்குள் வைக்கும் கட்டிங் கைடு (எலும்பை எங்கே வெட்டுவது என்று வழிகாட்டும் அச்சு), இம்ப்ளான்ட் எல்லாம் முற்றிலும் வேறு விஷயம். அவை 2017 மருத்துவக் கருவி விதிகளுக்குள் வரும். உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும், வீட்டுப் பிரின்டரில் முயலவே கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் சம்மதத் தாள், அளவுக் குறிப்பு, கடைசிக் கோப்பு மூன்றையும் கேஸ் எண்ணோடு துறையின் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, உங்கள் லேப்டாப்பிலும் அச்சுக்கடையிலும் உள்ள பிரதிகளை அழித்துவிடுங்கள். நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவருக்கு அந்த மாதிரியைக் காட்டி, எந்த இடம் உடைந்தது, எதற்காக இத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லுங்கள். கேட்க நினைத்திருந்த கேள்விகளை அவர் அப்போதுதான் கேட்பார். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.